உலகமே, வணக்கம்

பெரிய ஏரிக்குக் கீழே அமைந்த நாடு மடைநாடு. மழையில் ஏரி நிரம்பும்போது மதகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றாவிட்டால் ஊர் மூழ்கும்; ஆனால் அதைத் திறக்க மனிதக் கை போதாது. ஓர் இரும்புப் பூதம் இருந்தது. அதற்கென்றே பல பூதமொழிகள் இருந்தன; அவற்றில் எதில் ஆணையிட்டாலும் கேட்கும். ஆனால் ஆணையை முழுதாகச் சொல்ல வேண்டும், பாதியில் விட்டால் சும்மா நிற்கும். ஆணையிடத் தெரிந்தவர்கள் நல்ல சம்பளம் தேடி அண்டை நாட்டுக்குப் போய்விட்டார்கள். மழைக்காலம் வருவதற்குள் புதியவர்களைத் தயார் செய்யும் பொறுப்பு ஆசிரியை தில்லைக்கரசியின் தலையில் விழுந்தது. அவள் வீடும் மாணவர்களின் வீடுகளும் ஏரிக்கரையை ஒட்டித்தான் இருந்தன.

அவள் கோல்மொழி என்ற பூதமொழியில் தொடங்கினாள். எந்தப் பூதமொழிக்கும் முதல் பாடம் ஒன்றே: பூதத்தை ‘உலகமே, வணக்கம்’ என்று சொல்ல வைப்பது. மதகைத் திறக்கும் பாடம் அதற்கு வெகுதூரம் தள்ளி வரும். முதல் பாடம் முடிந்த அன்றே கல்வி அமைச்சர் அதிரூபர் பரிவாரத்தோடு வந்து இறங்கினார்.

“கோல்மொழி கடினமானது. இளைஞர்களின் கண்ணீரை இந்த அரசு பொறுக்காது. இனி இழைமொழி!”

மொழி மாறினால் பழையதை மறக்க வேண்டும் என்பது மடைநாட்டுச் சட்டம். மாணவர்கள் வரிசையாக ஏரியில் தலைமுழுகி, “மறந்தோம்” என்று உறுதிமொழி எடுத்தார்கள். அரசு அவர்களுக்கு லட்டு கொடுத்தது.

இழைமொழியிலும் முதல் பாடம் முடிந்தது. “இது மிகவும் எளிது. எளியதைக் கற்றவனை உலகம் மதிக்குமா?” என்றார் அதிரூபர். மணிமொழி வந்தது. மறுபடி முழுக்கு, மறுபடி லட்டு.

தில்லைக்கரசிக்குப் பொறுமை போய்விட்டது. “ஐயா, எதையாவது ஒண்ணை முடிக்க விடுங்க! ஒண்ணு ஒழுங்கா வந்தா அடுத்தது தானா வரும். மழை வரப்போகுது.”

“முடிப்பது யாராலும் முடியும் அம்மையே. இத்தனை தொடக்கங்களைக் கண்ட அரசு வேறு உண்டா?”

பிறகு அடுத்த மொழி எது என்று முடிவு செய்யத் தேர்தல் வைத்தார்கள். பூதமொழி எதுவும் அறியாதவர்களே நடுநிலையாளர்கள் என்பதால் அவர்களுக்கு மட்டும் வாக்குரிமை. வென்ற மொழி வந்தது. தோற்றவர்கள் கலகம் செய்ததால் அவர்கள் மொழியும் வந்தது. தில்லைக்கரசி இரண்டிலும் வணக்கம் வரை கற்பித்தாள்.

மழை கொட்டியது. ஏரி கரையின் விளிம்பைத் தொட்டது. மாணவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். பூதம் பணிவாகக் கேட்டு, “உலகமே, வணக்கம்” என்று இடிபோல் சொன்னது. வேறு மொழியில் கத்தினார்கள். மீண்டும் வணக்கம். தண்ணீர் ஊருக்குள் புகுந்தது. தில்லைக்கரசி அழுதேவிட்டாள்.

அப்போது ஒரு படகு வந்தது. அதிலிருந்த பெண் நீளமாக ஏதோ ஆணையிட்டாள். பூதம் குனிந்தது, மதகு திறந்தது. அவள் அமைச்சரின் மகள் வஞ்சி. அண்டை நாட்டில் படிப்பவள், விடுமுறைக்கு வந்திருந்தாள்.

“இது கோல்மொழிதானேம்மா?” என்றாள் தில்லைக்கரசி.

“ஆமா டீச்சர். அங்க எல்லாரும் அதுலதான் ஆரம்பிப்போம்.”

“கஷ்டமா இல்லையா?”

“இருந்துச்சு. ஆனா நடுவுல யாரும் மாத்தல. இங்க மாத்திக்கிட்டே இருப்பாங்கன்னுதான் அப்பா என்னை அங்க சேத்தாரு.”

அதிரூபர் நனைந்த அங்கவஸ்திரத்தைப் பிழிந்துகொண்டு கை உயர்த்தினார். “மக்களே, உண்மை விளங்கிவிட்டது. நாளை முதல் கோல்மொழி! இன்றே பழையதை மறந்துவிடுங்கள்.”

இந்த முறை மாணவர்கள் ஏரி வரை போக வேண்டியிருக்கவில்லை. தலைமுழுகும் அளவுக்கு வகுப்பறையிலேயே தண்ணீர் நின்றது.