சேத்து சாரும் மூட வேண்டிய கிணறும்

காஞ்சிபுரத்தில் இத்தனை கோயில்கள் இருந்தும், சில மனிதர்களிடமிருந்து நம்மைக் காப்பாற்ற ஒரு சாமியும் முன்வராது என்று எனக்கு உணர்த்தியவர், எங்கள் மாடியில் குடியிருந்த சேத்து சார்.

அவருடைய நிஜப் பெயர் தெருவுக்குத் தெரியாது. கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்தில் வேலை. ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. என்ன வேலை என்று எதிர்வீட்டுத் தறிக்காரர் கேட்டதற்கு, “சேத்த பாத்துக்கினு இருக்கணும்பா” என்றாராம். அன்று விழுந்த பெயர்.

பூமியைத் துளைக்கும்போது குழாய் வழியாகச் சேற்றை உள்ளே செலுத்துவார்கள். அது அடிவரை போய் மேலே திரும்பும். போன அளவே வர வேண்டும். கூடுதலாக வந்தால் அடியிலிருந்து எண்ணெயோ வாயுவோ தள்ளுகிறது என்று அர்த்தம். உடனே கிணற்றை மூடாவிட்டால் எல்லோரும் பரலோகம். அடியாழத்துச் சூட்டிலும் உதறலிலும் சாதாரணக் கருவி எதுவும் நிலைக்காதாம். மேலே திரும்பி வரும் சேற்றின் அளவுக்கேற்ப உயர்ந்து தாழும் ஒரு தகட்டையும், அதிலுள்ள வாயுவை இனம்பிரிக்கும் ஒரு பெட்டியையும் நம்பி இவர் உட்கார்ந்திருப்பாராம். பாதாளத்து வாயுவையே மோப்பம் பிடிக்கும் இந்த மேதையின் அடுப்பில் பால் தீய்ந்து தெருவே மூக்கைப் பொத்தும்போது, பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். என் மாமியார், அத்தைதான், ஓடிப்போய் அணைப்பார்.

தண்ணீர்த் தொட்டிக் குழாயிலும் ஒரு தகட்டைக் கட்டிவைத்தார். அத்தை குளிக்கும்போது மாடியிலிருந்து குரல் வந்தது: “கீழ யாரோ ரெண்டு சொம்பு கூட ஊத்திக்கினு இருக்கீங்க.” ஈரத்தலையோடு வெளியே வந்து அத்தை சொன்ன பதிலைப் பத்திரிகையில் எழுத முடியாது.

கிணற்றின் அடியிலிருந்து வாயு தள்ளுவதற்கு அவர்கள் பாஷையில் ‘கிக்’ என்று பெயர். ஒருமுறை எங்களோடு கோயில் வரிசையில் நின்றபடி, “போன வாரம் ரெண்டு தபா கிக்கு ஏறிடுச்சு, எப்படியோ சமாளிச்சிட்டோம்” என்று போனில் கத்தினார். முன்னால் நின்ற பெண்கள் பதறி விலகினார்கள். எங்களுக்குச் சீக்கிரமே தரிசனம் கிடைத்தது. அவரால் விளைந்த ஒரே நன்மை அதுதான்.

ஏழு மாதக் குழந்தையான என் மகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. கணவர் சேலை விற்கச் சென்னை போயிருந்தார். குழந்தை காலையிலிருந்து சிறுநீரே கழிக்கவில்லை. உப்புச் சர்க்கரைக் கரைசலை ஊட்டிக்கொண்டிருந்தேன். அதிகமோ, குறைவோ என்று ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு சந்தேகம். சேத்து சார் இறங்கி வந்து குழந்தையின் அழுக்குத் துணிகளைப் பார்வையிட்டார்.

“உள்ள போறதவிட வெளிய வர்றது ஜாஸ்தியா இருக்குது. குடுக்கறத நிறுத்துமா. மொதல்ல மூடணும்.”

அபத்தம் என்று தெரிந்தும் என் கை நின்றுவிட்டது. அவ்வளவு உறுதியாகப் பேசுகிறவர்கள் ஒருவேளை சரியாகத்தான் சொல்கிறார்களோ?

“அது கெணறு இல்ல சார், கொழந்த,” என்றார் அத்தை. “நீ குடுமா.”

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். யாரும் கூப்பிடாமலே அவரும் ஏறிக்கொண்டார். கரைசலை நிறுத்தவே கூடாது, சிறுநீர் வந்துவிட்டால் பயமில்லை என்றார் டாக்டர். நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொன்னார். சேத்து சார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே பெஞ்சில், கரைசல் கலக்க எனக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. வேறு வழியில்லாமல் குழந்தையை அவர் மடியில் போட்டேன். அத்தை ஊட்டினார். சேத்து சார் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து அவருடைய வெள்ளை வேட்டியில் ஈரம் மெல்லப் பரவியது. அவர் அசையவில்லை.

“வந்துடுச்சுமா,” என்றார்.

அடுத்து அளவு சொல்வார், கலவை சொல்வார் என்று காத்திருந்தேன். அவரோ தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குழந்தையை வாங்கக் கை நீட்டிய நான், இன்னும் கொஞ்ச நேரம் அவரிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.