சம்பந்தி சாரின் மதியப் பந்தி

வேப்பந்தட்டைப் பக்கத்தில், பள்ளிக்கூடம் நடக்கிற நாளெல்லாம் கல்யாணம் நடத்தி, மொய் வாங்காமல் எல்லோரையும் அனுப்பிவைத்த ஒரே மனிதர் எங்கள் பி.டி. சார்தான். முகூர்த்தம், மத்தியான மணி அடித்ததும். பொண்ணு, மாப்பிள்ளை கிடையாது. சத்துணவுப் பந்தி மட்டும் உண்டு.

விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டிராக் பேண்ட்டும் தோளில் ஒரு துண்டுமாக சமையல்கூட வாசலில் கும்பிட்டபடி நிற்பார். "வாங்க சம்பந்தி, தனியாவா வந்தீங்க? வூட்ல எல்லாரும் சௌக்கியமா?" ஆறாம் வகுப்புப் பொடிசும் சம்பந்தி, பத்தாம் வகுப்பு மீசையும் சம்பந்தி. முட்டை சின்னதாக இருந்தால் மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று சமையல் அக்காவை மிரட்டுவார். அக்கா கரண்டியை ஓங்குவார்.

எங்கள் வகுப்பில் தட்டு கொண்டுவந்தால் ஏழை, டிபன் பாக்ஸ் கொண்டுவந்தால் பணக்காரர். அவ்வளவுதான் பொருளாதாரம். அம்மா பருத்திக் காட்டுக்குக் கூலி வேலைக்குப் போனார். நான் தட்டைப் புத்தகங்களுக்கு நடுவே ஒளித்துக் கொண்டுபோவேன். வயிற்றுவலி என்று சொல்லிப் பட்டினி கிடக்கப் பார்த்த நாட்களும் உண்டு. அன்றெல்லாம் சார் வாசலில் இருந்தே குரல் கொடுப்பார்: "பெரிய சம்பந்தி வராம எலை போட முடியாதுங்க." அப்புறம் போகாமல் இருக்க முடியுமா?

டிபன் பாக்ஸ்காரர்களை மட்டும் கிட்டே விடமாட்டார். உங்களுக்குப் பத்திரிகையே வைக்கவில்லையே என்பார். அரிசி ஆலைக்காரர் மகன் பிரபு இதற்காக அழுதான். மறுநாள் வீட்டிலிருந்து வெள்ளித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். சார் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "சரி, தூரத்துச் சொந்தம். உள்ள வாங்க" என்றார்.

ஒருநாள் பெரம்பலூரில் இருந்து ஒரு பெரிய மனிதர் காரில் வந்தார். ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுத்துப் படம் எடுக்கவேண்டுமாம். யார் ஏழை என்பதில் தலைமையாசிரியருக்குச் சந்தேகமே இல்லை. சத்துணவு வரிசையைக் காட்டிவிட்டார். வரிசையில் முதல் ஆள் நான். கேமரா நிமிர்ந்தது. தட்டை ஒளிக்க இடமில்லை.

சார் விசிலை எடுத்து ஊதினார். பள்ளிக்கூடமே ஓடிவந்து வரிசையில் நின்றது. டிபன் பாக்ஸ்கள், வெள்ளித் தட்டு, கணக்கு டீச்சர் உட்பட.

வந்தவர் குழம்பிப்போனார். "இதுல ஏழைங்க யாரு சார்?"

"கல்யாண வூட்ல அதெல்லாம் கேக்கப்படாதுங்க. நீங்க பொண்ணு வூடா, மாப்ள வூடா?" என்றபடி சார் அவர் கையில் ஒரு தட்டைத் திணித்து, எனக்கு முன்னால் நிறுத்திவிட்டார். படத்தில் வரிசையின் முதல் ஆளாகத் திருதிருவென்று முழிக்கிற ஏழை அவர்தான்.

பைகளை இறக்கிவைத்துவிட்டுப் போனார். அடுத்த சில நாட்கள் சார் எங்களில் சிலரை ஒவ்வொருவராகப் பந்து எடுத்துவர விளையாட்டுச் சாமான் அறைக்கு அனுப்பினார். நானும் போனேன். புதுப் பையோடு திரும்பினேன். பந்து எங்கே என்று அவர் கேட்கவேயில்லை.

இப்போது எனக்குச் சென்னையில் வேலை. ஆபீஸ் கேன்டீனில் அட்டையைக் காட்டினால் சாப்பாடு வந்துவிடுகிறது. சாப்பிட்டாயா, ஏன் வரவில்லை என்று கேட்க ஆளில்லை. தட்டோடு வாசலில் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். யாராவது "வாங்க சம்பந்தி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் உள்ளே போய்விடுவேன்.