பி.டி. சாருக்கு ஒரு மௌன அஞ்சலி

ஜன்னலோர சீட்டு மட்டும் கிடைத்துவிட்டால் எனக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. எந்த வீட்டில் நிச்சயதார்த்தம், எந்த வீட்டில் பாகப்பிரிவினை, எந்த மாமியார் எந்த மருமகளோடு பேசுவதில்லை என்பதையெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்காமலே சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். சரியில்லாமல் போன ஒரு தடவை எங்கள் பள்ளிக்கூடத்துப் பொன்விழாவில், ஊரே கூடியிருந்த பந்தலில், என் கையில் மைக் இருந்தபோது நடந்தது.

எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளி பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம் (ஹெட்மாஸ்டர் எதையும் விடாமல் படிக்கிறவர்). பொன்விழா மலருக்குப் பள்ளியின் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. என் திறமைக்காக ஒன்றும் இல்லை. பெரம்பலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், தமிழில் டைப் அடிப்பேன், கூலி கேட்க மாட்டேன். விழாக்குழுத் தலைவன் ரவி என்னோடு பத்தாவது படித்தவன். ஒனக்குத்தான் வாயும் இருக்கு மிஷினும் இருக்கு என்று சொல்லி என்னிடம் தள்ளிவிட்டான்.

வரலாற்றில் எதையும் விடவில்லை என்று அன்றைக்கு மனதார நம்பினேன். ரைஸ் மில் குடோனில் பள்ளி ஆரம்பித்ததையும், முதல் செட் பிள்ளைகள் தவிட்டுத் தூசியில் தும்மிக்கொண்டே படித்ததையும் எழுதினேன். சுண்ணாம்புக்கல் லாரி போகும்போதெல்லாம் பாடத்தை நிறுத்தி நிறுத்தி நடத்திய கணக்கு வாத்தியார், சாரணர் படை, கோ-கோ அணி, இலவச சைக்கிள், கலைத் திருவிழா எல்லாம் வந்துவிட்டன. ட்யூப்லைட் வாங்கிக்கொடுத்து, வெளிச்சம் வெளியே வர முடியாதபடி அதன்மேல் தன் பெயரை எழுதிக்கொண்ட புரவலர்கூட வந்துவிட்டார்.

உருகி உருகி எழுதியது தங்கராசு சாரைப் பற்றித்தான். அவர் எங்கள் பி.டி. சார். பள்ளிக்குப் பேண்டு வாத்தியக் குழுவைக் கொண்டுவந்தவர். நான் ஒன்பதாவது படிக்கும்போது, குடியரசு தினத்துக்கு முதல் நாள் பெரிய டிரம்மின் தோல் கிழிந்துவிட்டது. சார் அசரவில்லை. சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு அலுமினிய அண்டாவைத் தூக்கிவந்து கயிறு கட்டி என் கழுத்தில் மாட்டிவிட்டார் (பிள்ளைகளில் என் உடம்புதான் அதைத் தாங்கும் என்று அவர் சொன்னதை மட்டும் வரலாற்றில் சேர்க்கவில்லை). நான் அடித்த அடியில் கொடியேற்ற வந்த பெரிய மனிதர் சல்யூட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். அண்டா ஒரு பக்கம் நசுங்கிப்போயிற்று. மறுநாள் அதே அண்டாவில்தான் எங்களுக்குச் சோறு வெந்தது.

சாருக்கு அழைப்பிதழ் வைப்பது என் பொறுப்பு. சார் ஓய்வு பெற்றபின் அரியலூர் பக்கம் ரோட்டோரத்தில் சொந்த ஊரில் இருந்தார். அழைப்பிதழ் கட்டோடு பஸ் ஏறினேன். வழக்கம்போல ஜன்னலோர சீட்டு.

சார் வீடு வந்தது. வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள். சாருடைய ஒரே மகன் மொட்டைத் தலையோடு, துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றார். சார் எப்போதும் பேப்பர் படிக்கிற இரும்பு நாற்காலி காலியாகக் கிடந்தது. சார் போய்விட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன். இறங்கியிருக்கலாம். ஆனால் துக்க வீட்டுக்குள் கையில் மங்களப் பத்திரிகையோடு எப்படிப் போவது என்று யோசித்தேன். அதோடு அந்தப் பஸ்ஸில் கிடைத்த சீட்டை விட்டு எழுந்திருக்க யாருக்கு மனம் வரும்? கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். நான் அழுதுகொண்டே அரியலூர் போய்ச் சேர்ந்தேன்.

ரவியிடம் சொன்னேன். அவனும் அழுதான். விழாக்குழுவில் எல்லாரும் ஒரு பாட்டம் வருத்தப்பட்டு, விழா முடிந்ததும் ஒரு நாள் மொத்தமாகப் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வரலாம் என்று முடிவு செய்தார்கள். ஒருவராவது போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கண்ணால் பார்த்தவள் நான் இருக்கும்போது கேட்பானேன்? அன்றைக்கே ப்ளக்ஸுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டோம். சார் விசில் ஊதுகிற படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே நான் எழுதிய நான்கு வரி. 'உங்கள் விசில் ஓய்ந்தாலும் எங்கள் கால்கள் ஓயாது' என்று அதில் ஒரு வரி. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

விழா அன்று அந்தப் ப்ளக்ஸைப் பந்தலின் வாசல் பக்கம் வைத்து மாலை போட்டிருந்தோம். நான் மேடையில் வரலாற்றை வாசித்துக்கொண்டு வந்தேன். தங்கராசு சார் பகுதி வந்ததும் வாசிப்பை நிறுத்தினேன். நம்மை விட்டுப் பிரிந்த நல்லாசானுக்காக எல்லாரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்துவோம் என்றேன். பந்தல் முழுவதும் எழுந்து நின்று தலையைக் குனிந்தது.

நான் மட்டும் லேசாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன் (எல்லாரும் அழுகிறார்களா என்று பார்க்க வேண்டாமா). வாசல் ஓரத்தில் ப்ளக்ஸுக்குப் பக்கத்தில் தங்கராசு சார் நின்றார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. குதிகால் இரண்டையும் ஒட்டி, கைகளை உடம்போடு ஒட்டி, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே அட்டென்ஷனில் நின்றார். கன்னத்தில் கண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

என் கையிலிருந்த மைக் கீழே விழுந்தது. அந்தச் சத்தத்தில் எல்லாரும் தலைநிமிர்ந்தார்கள். கடைசி வரிசையில் ஒருத்தி சாரைப் பார்த்துவிட்டு நாற்காலியோடு சரிந்தாள். ரவி முதலில் ப்ளக்ஸைப் பார்த்தான், பிறகு சாரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அந்தக் கடைசிப் பார்வையை நான் மறக்கவே மாட்டேன்.

மேடையிலிருந்து எப்படி இறங்கி ஓடினேன் என்று தெரியவில்லை. அதற்குள் சார் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ப்ளக்ஸைப் படித்துக்கொண்டிருந்தார். நான்கு வரியையும் முழுதாகப் படித்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"எனக்கா இதெல்லாம்?" என்றார். "நான் அவளுக்குன்னு நெனச்சிட்டேன் வாசுகி."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. சாருடைய மனைவி மருதாம்பாள் எங்கள் பள்ளியிலேயே சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். சத்துணவு டீச்சர் என்போம். நாங்கள் படித்த வருஷமெல்லாம் எங்களுக்குச் சோறு போட்டவர். நான் பஸ்ஸிலிருந்து பார்த்த பந்தல் அவருடைய காரியத்துக்குப் போட்டது.

"பத்திரிகை வரல. எழவு வூட்டுக்கு வைக்கக் கூடாதுன்னு விட்டிருக்கீங்க, அப்ப விஷயம் தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன். சும்மா வெளியில நின்னு பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன். வந்தா எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறீங்க." சார் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பரவால்ல, பிள்ளைங்க மறக்கலன்னு நெனச்சேன்."

என் கையில் பள்ளி வரலாறு இருந்தது. அதில் அண்டா இருந்தது, அந்த அண்டாவில் வெந்த சோறு இருந்தது. அதை ஆக்கிப்போட்டவர் பெயர் ஒரு வரியில்கூட இல்லை. புரவலரின் ட்யூப்லைட்டுக்கு நான் தனியாக ஒரு பத்தி கொடுத்திருந்தேன்.

சார் ப்ளக்ஸில் இருந்த மாலையைக் கழற்றினார். யாரையும் பார்க்காமல் பந்தலுக்குப் பின்னால் போனார். நானும் ரவியும் கூடவே போனோம். அன்றைக்கு வெளியிலிருந்து பிரியாணி வரவழைத்திருந்ததால் சத்துணவுக் கூடம் பூட்டியிருந்தது. பூட்டுக்கு மேலே நாதாங்கியில் மாலையை மாட்டிவிட்டு மறுபடியும் அட்டென்ஷனில் நின்றார். நாங்களும் நின்றோம். பிறகு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார். அவரைச் சாப்பிடச் சொல்லிக்கூட நாங்கள் கூப்பிடவில்லை.

மருதாம்பாள் டீச்சரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, என் கடையிலேயே அச்சடித்து, மீதியிருந்த மலர்களில் எல்லாம் ஒட்டினேன். போட்டோ தேடினேன். பள்ளியின் எந்தக் குரூப் போட்டோவிலும் அவர் இல்லை. போட்டோ எடுக்கிற நேரமெல்லாம் அவருக்கு உலையில் அரிசி வெந்துகொண்டிருந்திருக்கிறது. கடைசியில் பக்கம் படம் இல்லாமலேதான் வந்தது.

அதைக் கொடுக்கப் போனபோது பஸ்ஸை விட்டு இறங்கித்தான் போனேன். சார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் ப்ளக்ஸை ரவியிடம் கேட்டு வாங்கி ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டிருந்தார். "மழைக்குச் சொட்டு ஒழுகல. ஆடுங்கதான் தெனம் எனக்கு அஞ்சலி செலுத்துதுங்க" என்று சிரித்தார். அவர் சிரித்ததால்தான் நானும் வீட்டில் வந்து இந்தக் கதையைச் சொல்லத் துணிந்தேன். சொல்லியிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு நான் என்ன செய்தி கொண்டுவந்தாலும், பக்கத்து வீட்டில் புதுக் கார் வாங்கியிருக்கிறார்கள் என்று சொன்னாலும், என் வீட்டுக்காரரும் மகளும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்தியா? உறவுக்காரர்கள் வரைக்கும் இது பரவிவிட்டது.

போன மாசியில் சாருடைய மகன் கடைக்குப் போன் செய்தார். ஷட்டரை இறக்கிவிட்டு அப்படியே போனேன். பந்தல் போட்டிருந்தார்கள். சாரைப் பார்த்தேன், காலைத் தொட்டுக் கும்பிட்டேன், எடுக்கும்வரை இருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று, தங்கராசு சார் போயிட்டார் என்றேன். மகள் உள்ளே போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தாமல், பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டாள்.

"பஸ்ஸ விட்டு எறங்கிப் பாத்தியாம்மா?"

"எறங்கிப் பாத்துட்டுத்தான்டி வரேன்" என்றேன்.

அப்புறம்தான் அவள் என் முகத்தைப் பார்த்தாள். போனை வைத்துவிட்டு எழுந்துபோய், நான் குளிக்க வெந்நீர் வைத்தாள்.