நடுவர் காரைத் தொடக் கூடாது

இந்த வருஷம் கோப்பை என் வீட்டுக்குத்தான் என்று ஜூன் மாதம் முதல் தேதி பல் தேய்த்துக்கொண்டே சபதம் செய்தேன். வாயெல்லாம் நுரை. அதனால்தானோ என்னவோ, பாதி சபதம்தான் பலித்தது.

என்னிடம் ஒரு கறுப்பு பியூயிக் கிராண்ட் நேஷனல் கார் இருந்தது. 1987 மாடல். ஆறே சிலிண்டர், ஆனால் டர்போ. பார்த்தால் சவ ஊர்வலத்தில் போகிற வண்டி மாதிரி பரம சாது. மிதித்தால் சவ ஊர்வலத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும். வாங்கி முப்பத்தெட்டு வருஷத்தில் ஓடியது ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு மைல். அதிலும் பாதி, டிரெய்லரில் ஏற்றி இறக்கிய கணக்கு.

என் மனைவி மார்லிஸ் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். மிச்சிகன் பனியில், அறுபது வானரங்களை ஏற்றிக்கொண்டு, ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவள். அவளை இந்தக் காரின் கைப்பிடியைக்கூடத் தொட விட்டதில்லை நான். வருஷா வருஷம் கோடை வந்தால் ஒரே வழக்கு.

"ஏங்க, ஒரே ஒரு தடவை இதுல ஏரிக்கரை வரைக்கும் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டு வரலாமே?"

"மைல் ஏறிடும் மார்லிஸ்."

"எனக்கு வயசு ஏறுதே, அது பரவாயில்லையா?"

"உனக்குத்தான் மீட்டர் கிடையாதே!"

இதைச் சொன்ன அன்று எனக்குச் சாப்பிடக் கிடைத்தது முந்தின நாள் சுட்ட மீட்லோஃப் இறைச்சியின் காய்ந்த ஓரம்.

சபதத்துக்குக் காரணம் பக்கத்து வீட்டு ஆர்வில். அவனிடமும் அதே கார், அதே கறுப்பு. எங்கள் ஃபிளின்ட் ஊர்ப் பழைய கார் கிளப் போட்டியில் மூன்று வருஷமாக அவன் முதல், நான் இரண்டு. இந்தப் போட்டியில் அழகுக்கு மார்க் கிடையாது. தொழிற்சாலைக் கதவைத் தாண்டிய அன்று எப்படி இருந்ததோ, அப்படியே இருக்க வேண்டும். அன்றைக்கு ஒரு தொழிலாளி அடிப்பக்கம் சாக்பீஸால் கிறுக்கியிருந்தால் அந்தக் கிறுக்கலும் இருக்க வேண்டும். போன வருஷம் ஆசை ஆசையாய் அடிப்பக்கத்தைத் துடைத்தேன். கிறுக்கல் போயே போச்சு. ஒரு மார்க்கில் தோற்றேன். ஒரு வாரம் அழுதேன்.

"அடுப்புக்குப் பின்னால துடைங்கன்னு பத்து வருஷமா கேக்கறேன். துடைக்கக் கூடாத இடமாப் பாத்துத் துடைச்சிருக்கீங்க" என்றாள் மார்லிஸ்.

அப்போதுதான் கிளப் செயலாளர் ஹோபர்ட் போன் செய்தார். "டுவெய்ன், டர்போ பிரிவுக்கு என்கூட நடுவரா இருக்கியா? ஆனா ஒண்ணு, நடுவருக்குச் சொந்தமான கார் போட்டியில இருக்கக் கூடாது."

நடுவருக்குச் சொந்தமான கார்தானே கூடாது? நடுவரின் மனைவிக்குச் சொந்தமான கார்? என் மூளையில் டர்போ சுழன்றது. நானே நடுவர், என் காரே போட்டியில்! அன்றைக்கே பதிவு அலுவலகத்தில் பெயர் மாற்றப் படிவம் வாங்கி வந்து, குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மார்லிஸ் முன்னால் வைத்தேன்.

"எங்க கையெழுத்து?"

"இங்க. ஏன்னு கேக்க மாட்டியா?"

"கேட்டா நிஜமா சொல்லப் போறீங்க? அந்தப் போட்டி விதிப் புத்தகத்தை மட்டும் வச்சிட்டுப் போங்க. ஓனர்னா படிக்கணும்ல?"

என்ன பொறுப்பான பெண் என்று பூரித்துப் போனேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறவனுக்கு முதல் அறிகுறி இந்தப் பூரிப்புதான்.

ஆகஸ்ட் மாதம், போட்டி மைதானம். "யோவ், இது அநியாயம்யா!" என்று ஆர்வில் குதித்தான். ஹோபர்ட் புத்தகத்தைப் புரட்டினார். "புருஷன் பெண்டாட்டி பத்தி ஒரு வரியும் இல்ல ஆர்வில். ரெண்டு நடுவரும் ஒத்துக்கிட்டாத்தான் மார்க். நான் இருக்கேன்ல?" அவர் முப்பது வருஷம் பால வேலை இன்ஸ்பெக்டர். துரு என்றால் வாசனையிலேயே கண்டுபிடிப்பார்.

என் காரிடம் வந்தோம். பானெட்டைத் திறக்கக் கை நீட்டினேன்.

"கையை எடுங்க!"

திரும்பிப் பார்த்தால் மார்லிஸ். இடுப்பில் கை.

"விதி ஒன்பது. நடுவர் காரைத் தொடக் கூடாது. ஓனர்தான் திறந்து காட்டணும்."

"ரொம்பச் சரி" என்றார் ஹோபர்ட்.

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் பானெட்டைத் தூக்கினாள். மோதிரக் கையால்!

"மோதிரம்! மோதிரம்!"

"வேடிக்கை பாக்க வந்தவர் மாதிரி கத்தாதீங்க, நடுவரே."

பெல்ட் பக்கிள் ஃபெண்டரில் உரச உரசக் குனிந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. ஹோபர்ட் டார்ச் அடித்துக் கேட்டார்: "இந்த ஹோஸ் கிளிப் ஒரிஜினலா?"

ஆமாம் என்று சொல் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். புருவத்தாலும் கெஞ்சினேன்.

"இல்லீங்க. என் வீட்டுக்காரர் 2011-ல மாத்தினது. பழசு உடைஞ்சப்போ சாப்பிடக்கூட இல்ல மனுஷன். ஏன் சார், உங்க நடுவருக்குக் கண்ல ஏதாவது விழுந்திருச்சா?"

இரண்டு மார்க் போயிற்று. என் கையாலேயே வெட்டினேன். அடுத்தது இயக்கச் சோதனை. அவள் உள்ளே உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை. விளக்கைப் போடச் சொன்னால் போட்டாள். ஹார்னை ஒரு தடவை அடிக்கச் சொன்னால் ஐந்து தடவை அடித்தாள். எஞ்சினைக் கிளப்பச் சொன்னோம். அது உறுமியதும் அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை, பாவி!

சாயங்காலம் நான்கு மணிக்கு முடிவு. ஆர்வில் 395. இந்த வருஷம் அடிப்பக்கத்தை அவன் துடைத்துவிட்டானாம். மார்லிஸ் 396!

ஹோபர்ட்டைக் கட்டிப்பிடித்தேன். ஆர்வில்லையும் கட்டிப்பிடித்தேன், அவன் வேண்டாம் வேண்டாம் என்றான். மார்லிஸ் கோப்பையோடு வந்து என் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். சாவி அவள் விரலில் சுழன்றது.

"மெதுவா டிரெய்லருக்குக் கொண்டு வா" என்றேன்.

"டிரெய்லர் எதுக்கு?"

"வீட்டுக்குப் போகத்தான்."

"நான் வீட்டுக்குப் போகலையே. ஏரிக்குப் போறேன்."

"மார்லிஸ்! மைல் ஏறிடும்!"

"ஏறட்டுமே. என் காரு, என் மைலு."

"இரு, இரு, நான் ஓட்டறேன்!"

"விதி பதினேழு. எல்லா மார்க் தாள்லயும் கையெழுத்துப் போட்டு முடிக்கிற வரைக்கும் நடுவர் கூடாரத்தை விட்டு நகரக் கூடாது. ஹோபர்ட் சார், இன்னும் எத்தனை தாள் இருக்கு?"

"நாற்பத்தொண்ணு" என்றார் அந்தச் சண்டாளர்.

கேட் வரைக்கும் பூனை மாதிரி போனாள். அதற்கப்புறம் ஒரு சீறல். ரோட்டில் இரண்டு கறுப்புக் கோடு, காற்றில் ரப்பர் நாற்றம், காரைக் காணோம். ஆர்வில் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான். "இருபத்தாறு வருஷம் பஸ்ஸுல கட்டிப் போட்டிருந்த காலுய்யா அது. இன்னைக்குத்தான் அவிழ்த்து விட்டிருக்கு!"

நாற்பத்தொரு கையெழுத்துப் போட்டுவிட்டு, கடகடவென்று ஆடுகிற காலி டிரெய்லரோடு வீடு வந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளும் வந்தாள். கண்ணாடி முழுக்கப் பூச்சி. மீட்டரில் தொண்ணூற்று நான்கு மைல் கூடுதல். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவள் தலையெல்லாம் கலைந்து, மூக்கில் ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீமோடு, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே இறங்கினாள். திட்ட வரவில்லை எனக்கு. இந்தச் சிரிப்பை முப்பத்தெட்டு வருஷம் கராஜில் பூட்டி வைத்திருந்தேனே மடையன் என்று வெட்கமாக இருந்தது.

"மார்லிஸ், அடுத்த ஞாயித்துக்கிழமை நானும் வரட்டுமா?" என்று கேட்டேன்.

காரை ஒரு பார்வை பார்த்தாள். என் காலை ஒரு பார்வை பார்த்தாள்.

"வாங்களேன். ஷூவைக் கழட்டிட்டுப் பின்சீட்டுல உக்காருங்க. முன்சீட்டு ஆர்வில் பொண்டாட்டிக்குன்னு சொல்லிட்டேன்."