பாம்புக்கு விரல் வந்த கதை

ஒரு காட்டில் தேர்தல் நல்லபடியாக முடிந்தது. அடிதடி இல்லை, கள்ள ஓட்டு இல்லை, ஆண்டவன் புண்ணியத்தில் வெயிலும் அன்றைக்குக் கொஞ்சம் தணிந்திருந்தது. ஓட்டுப் போட்டவர்களுக்குக் கொக்கு சார் மை வைத்தார். குரங்குக்கு விரலில், எருமைக்குக் குளம்பில், காக்கைக்குக் கால் நகத்தில். காக்கையின் கறுப்பு நகத்தில் மை தெரியவே இல்லை. ஆனாலும் எல்லாரும் தெரிகிறது என்றார்கள்.

வடிவு என்ற சாரைப் பாம்பும் வந்து, மூக்கால் பொத்தானை அழுத்திவிட்டு மைக்காக நின்றாள்.

"கை எங்கேம்மா?" என்றார் கொக்கு சார்.

"இல்லீங்க சார்."

"அப்ப மையை எதுக்கு வீணாக்கணும்? போயிட்டு வா."

மறுநாள் காட்டுச் சபை ஒரு சட்டம் போட்டது. விரலில் மை இருந்தால்தான் குளத்தில் தண்ணீர். ஓட்டுப் போடாத சோம்பேறிகளுக்கு இப்படித்தான் வேண்டும் என்று வடிவும் எல்லாரோடும் சேர்ந்து தலையை ஆட்டினாள்.

குளத்துக்குப் போனால், காவலுக்கு நின்ற குரங்கு மாயாண்டி, "விரலைக் காட்டுக்கா" என்றான்.

"எனக்கு ஏதுப்பா விரல்? நான் ஓட்டுப் போட்டேன், கொக்கு சாரையே கேளு."

"போட்டது உண்மைதான்," என்றார் குளக்கரையில் நின்ற கொக்கு சார். "ஆனா மை இல்லையே!"

பின்னால் நின்ற எருமைக்குப் பொறுக்கவில்லை. "எங்க எல்லாருக்கும் இருக்கு. உனக்கு மட்டும் இல்லையாக்கும்?"

"தனியாத் தெரியணும்னு பண்றா," என்றது அணில்.

"ஒரு தடவை காட்டிட்டா குறைஞ்சா போயிடுவே?" என்றது மயில்.

இரண்டு நாள் தண்ணீர் இல்லை. வடிவின் தோல் சருகாக உலர்ந்தது. நாக்கை நீட்டினால் உள்ளே இழுக்க முடியவில்லை, பாவம். கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். "சாமி, பெரிய விரல் கேக்கலை. ஒரு சுண்டு விரல் போதும். நகம்கூட வேண்டாம்."

சாமிக்கும் ஆயிரம் வேலை.

மூன்றாம் நாள் காலையில் சபை கூடியது. "நம்ம காட்டுல யாரையும் வற்புறுத்தக் கூடாது," என்றார் கொக்கு சார். "பாம்புக்கு விரல் இருக்கா இல்லையான்னு ஓட்டுக்கு விட்டுடுவோம். ரகசிய ஓட்டு."

இருக்கிறது என்று இருநூற்றுப் பன்னிரண்டு. இல்லை என்று ஒன்று.

ரகசிய ஓட்டுதான். ஆனாலும் எல்லாரும் வடிவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எருமை அன்பாகத்தான் கேட்டது. "கை தவறி அமுக்கிட்டியோ கண்ணு? பரவாயில்ல, இன்னொரு தடவை போடு."

வடிவு குளத்தைப் பார்த்தாள். தண்ணீர் பளபளவென்று கிடந்தது. போய் மறுபடி அழுத்தினாள். இருநூற்றுப் பதின்மூன்று! கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அப்புறம் அவளுடைய வால்நுனியை விரல் என்று தீர்மானம் எழுதி, கொக்கு சார் அதில் மை வைத்தார்.

"இதை முதல்லயே காட்டியிருக்கலாமேக்கா!" என்று மாயாண்டி வழிவிட்டான்.

வடிவு குடித்தாள், வயிறு குளிரக் குடித்தாள். குடித்து முடித்து வாலைத் திருப்பிப் பார்த்தாள். உற்றுப் பார்த்தால் விரல் மாதிரித்தான் இருந்தது.

சாயங்காலம் மறுபடி தண்ணீர் குடிக்க வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் ஒரு மண்புழு. அது இருந்த ஈர மண்ணும் அன்றைக்குக் காய்ந்துபோய், முதல் தடவையாகக் குளத்துக்கு வந்திருந்தது.

"விரலைக் காட்டு," என்றான் மாயாண்டி.

"எனக்கு விரல் இல்லீங்க. இந்த அக்காவுக்கு இருக்குன்னு காலையில நான்கூட ஓட்டுப் போட்டேனே. கொஞ்சம் சொல்லுங்கக்கா."

வடிவு மை வைத்த வாலை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயரத் தூக்கிச் சொன்னாள்.

"எங்க எல்லாருக்கும் இருக்கு. உனக்கு மட்டும் இல்லையாக்கும்?"

நீதி: ஊர் கூடி உனக்கு ஒரு விரல் கொடுத்தால், அன்றைக்கே மோதிரத்துக்கு அளவு கொடுத்துவிடு. அடுத்த ஓட்டு எப்போது என்று யாருக்கும் தெரியாது.