பாய் ஏற்றிய துஆ

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் தலைப்பாகையில் மறைக்கப் பார்த்தவன். பூசணிக்காய் வேறொன்றுமில்லை, என் சுருட்டை முடிதான்.

என் வாப்பாவின் தகப்பனார் சஞ்சிபார்ப் பக்கத்து ஹபஷி (ஆப்பிரிக்காக்காரர்). பாய்க்கப்பலில் காயல்பட்டினம் வந்து இறங்கியவர், மேலப்பாளையத்தில் ஒரு நெசவாளி மகளைக் கட்டிக்கொண்டு தறியில் உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு அவர் விட்டுப்போனது இந்த முடியும் ஒரு பாட்டும். பாட்டின் அர்த்தம் எவனுக்கும் தெரியாது. ஆனாலும் வாப்பாவின் தப்ஸ் ஜமா (வட்டக் கொட்டு அடித்துப் பாடும் எட்டுப் பேர்) எந்தக் கல்யாணத்திலும் அதைப் பாடாமல் எழுந்ததில்லை.

எனக்கோ அது பெரிய வெட்கக்கேடு. ஜெர்மன் சண்டைக்கு முந்தின வருஷம் பேட்டையில் பெண் பேசியபோது, "எங்க பாட்டனார் அரபி" என்று மாமனாரிடம் அளந்துவிட்டேன். (என் மூஞ்சியை அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். துணிச்சலைப் பாருங்கள்.)

நிக்காஹ் அன்று காலையில் வாப்பாவிடம் கெஞ்சினேன். "இன்னைக்கு மட்டும் அந்தப் பாட்டு வேண்டாம் வாப்பா."

"ஏலே, ஊரான் கல்யாணத்துக்கெல்லாம் படிக்கேன். எம் மவனுக்குப் படிக்காம இருப்பனா?"

சொன்னபடியே பந்தலில் தப்ஸைத் தட்டிவிட்டார். நான் சட்டென்று எழுந்து, "இது பாட்டனார் மக்காவுலேர்ந்து கொண்டாந்த துஆ" என்றேன். பிரார்த்தனை என்று சொன்னால் சபை சும்மா இருக்குமா? எல்லாரும் கை ஏந்திவிட்டார்கள். அடிக்கு ஓர் "ஆமீன்". நிக்காஹ் ஓத வந்த ஆலிம்சாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

காயல் விருந்தாளி ஒருவரோடு ஒரு கறுத்த மாலுமி வந்திருந்தார். அவர் துள்ளி எழுந்து கூடவே பாடினார். பாடியதோடு விட்டாரா? இல்லாத கயிற்றை இரண்டு கையாலும் இழுத்து இழுத்துக் காட்டினார்.

"என்ன வே இது?" என்றார் ஆலிம்சா.

"கப்பல்ல பாய் ஏத்துற பாட்டு. எங்க ஊரு" என்று தெரிந்த தமிழில் சொன்ன மாலுமி, ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். தலைப்பாகை கழன்று விழுந்தது. அவர் தலையும் என் தலையும் ஒரே தறியில் நெய்தவை.

ஏந்திய கையை யாரும் இறக்கவில்லை. அப்படியே முழித்தார்கள்.

மாமனார் பையக் கேட்டார். "மாப்பிள்ள, நீரு அரபியா, ஹபஷியா? ஒண்ணச் சொல்லும்."

"மேலப்பாளையம் மாமா" என்றேன். (வேறென்ன சொல்ல?)

"நபி காலத்துல தொழுகைக்கு முதமுதல்ல பாங்கு சொன்னவரே ஹபஷிதான வே. இதுல மறைக்க என்ன இருக்கு?" என்றார் ஆலிம்சா.

"அது சரி. பொய்க்கு என்ன சொல்லுதீரு?" என்றார் மாமனார். கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன்.

திரைக்குப் பின்னாலிருந்து மாமியார் குரல் வந்தது. "பொண்ணு கேக்கா. கைய இறக்கலாமா, பாட்டு இன்னும் இருக்கா?"

முதலில் சிரித்தது மாமனார்தான். நிக்காஹ் நடந்தது. அன்று மத்தியானமே மாலுமியிடம் இன்னும் இரண்டு அடி கற்றுக்கொண்டேன். அந்த வாரமே ஜமாவில் சேர்ந்து, தொப்பிக்கு வெளியே முடி பிதுங்க, நானும் தப்ஸ் அடிக்க ஆரம்பித்தேன்.

இன்றைக்கும் நான் வீட்டில் கொஞ்சம் பெருமையடித்தால் போதும், என் மனைவி இரண்டு கையையும் ஏந்தி "ஆமீன்" என்பாள். பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். கடைசி மகள் பிறந்தபோது குழந்தையின் தலையைத் தடவி, "எங்க பாட்டனார் முடி" என்றேன். அப்போதும் மனைவி கை ஏந்தினாள். அது கிண்டலா, துஆவா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.