வழிதப்பிப் போன தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உன் அண்ணியும் சுகம், என் முழங்கால் நீங்கலாக. நீயும் உன் வீட்டாரும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒன்பது வருஷமாக விசாரிக்காதவனிடம் நம்பிக்கையைத் தவிர வேறென்ன இருக்கும்?

என் கையெழுத்தைக் கண்டதும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று பதறாதே. எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறோம். போனது என் மானம் ஒன்றுதான்.

ஞாயிறு ஆராதனையில் பொது ஜெபம் பத்தொன்பது வருஷமாக என்னுடையதுதான் என்பது உனக்குத் தெரியும். போன ஞாயிறும் வழக்கம்போல் கண்ணை மூடி ஆரம்பித்தேன். தலைவர்கள், நோயாளிகள், விதவைகள், பரீட்சை எழுதுகிறவர்கள் என்று வரிசையாக முடித்து, "வழிதப்பிப் போன என் தம்பியை" என்கிற இடத்துக்கு வந்தபோது பாழாய்ப்போன இருமல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் குடிக்கப் போனவன் திரும்பி வருகிறேன், நான் இல்லாமலே ஜெபம் நடந்துகொண்டிருக்கிறது! பாட்டுக் குழுப் பெண்கள் "அவனுடைய கல்லான இருதயத்தை உருக்கும் ஆண்டவரே" என்கிறார்கள், பின்வரிசை ஆண்கள் என்னைப் போலவே இரண்டுதரம் தொண்டையைச் செருமிவிட்டு "மழையைத் தாரும்" என்கிறார்கள். ஓர் எழுத்துப் பிசகவில்லை. கேலி என்று நினைத்தால் அதுவும் இல்லை, பாதிப்பேர் தூக்கக் கலக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது! மூன்று வாரமாக அந்த மழையில் நனைந்துகொண்டே போய் நான் மழை கேட்டிருக்கிறேன்.

அதோடு விட்டதா? ஆராதனை முடிந்ததும், இந்த மாதந்தான் சபையில் சேர்ந்த ஒரு நர்ஸ் பெண் கண்கலங்க வந்து நின்றாள். "ஐயா, உங்க தம்பி காணாமப் போயி எத்தனை வருஷமாச்சு? ஒரு போட்டோ இருந்தா குடுங்க, எங்க ஆஸ்பத்திரி வாசல்ல ஒட்டி வைக்கிறேன்" என்கிறாள். உன் அண்ணி சும்மா இருப்பாளா? "என் கொழுந்தனார் காணாமல்லாம் போகலம்மா. பஸ் ஏறினா நாப்பது நிமிஷம். அவர் தெருமுனையிலேயே நிக்கும்" என்று போட்டு உடைத்தாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை! "அப்ப போய்ப் பாக்கலாமே ஐயா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் உன் ஞாபகந்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நீ என்ன சொன்னாய்? "அண்ணே, நீங்க ஜெபம் பண்றீங்களா, பேப்பர் படிக்கிறீங்களா? கொஞ்சம் முழிச்சுக்கிட்டுப் பண்ணுங்க" என்று என் வீட்டில், என் சோற்றைத் தின்றுகொண்டே சொன்னாய். "எந்திரிச்சு வெளிய போடா" என்றேன். போய்விட்டாய். அடுத்த ஞாயிறே உன்னை வழிதப்பியவர்கள் பட்டியலில் சேர்த்தேன். நீ உங்கள் பக்கத்துச் சபைக்கு ஒழுங்காகப் போகிறாய் என்று தெரிந்த பிறகும் எடுக்கவில்லை. வாராவாரம் தம்பிக்காக ஜெபிக்கிறேனே, ஓர் அண்ணன் இதற்குமேல் என்ன செய்வான் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். கர்த்தர் எத்தனை தடவை என்னை உலுக்கிப் பார்த்தாரோ! நீ சொன்னது சரி தம்பி. தப்பு என்மேல்தான். இந்த இரண்டு வரியை எழுத எனக்கு ஒரு வாரமாயிற்று. உன்னைப் பார்க்காமல் இனி முடியாதுடா.

ஆனாலும் முறையென்று ஒன்று உண்டு. நான் மூத்தவன், முழங்காலும் சரியில்லை. ஆகையால் நீதான் முதலில் வரவேண்டும். அவசரமில்லை, அடுத்த மாதம் சௌகரியப்பட்ட நாளில் வா. வருமுன் பதில் போடு. உன் மனைவிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளுக்குப் பெரியப்பாவின் ஆசீர்வாதம், பெரியப்பா என்று ஒருவர் இருப்பதை முதலில் சொல்லிவிட்டுக் கொடு.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: மேலே உள்ள கடைசிப் பத்தியை அடித்துவிடு. இதைத் தபாலில் போடத்தான் கிளம்பினேன். தபால் பெட்டியைத் தாண்டிப் போய் பஸ்ஸில் ஏறிவிட்டேன். உன் வீட்டு வாசலில்தான் நிற்கிறேன். மூன்றுதரம் பெல்லை அடிக்கக் கை நீட்டினேன், தைரியம் வரவில்லை. சரி, ஜெபம் பண்ணலாமென்று கண்ணை மூடினேன். ஒரு வார்த்தை வரவில்லை தம்பி, அழுகைதான் வந்தது. இதைக் கதவுக்கடியில் தள்ளுகிறேன். உள்ளே உன் குரல் கேட்கிறது. கதவைத் திற.